செண்பகவல்லிக்கு ஒரு தளபதி

பகவதிப்பெருமாள் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு அவருக்குத் தன் ரத்தத்தின் மேல் கவலை வந்துவிட்டது. ஸ்ரீவராகத்தில் அவர் தெருவிலேயே இருக்கும் ஒருவர், ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, தன் முன்னோர்கள் அரண்மனையில் பெரிய பதவி வகித்தவர்கள் என்று சொல்லியிருந்தார். அன்று தொடங்கிய நோய் அது. தகப்பனார் வழியில் தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை. கணக்குப்பிள்ளை, அதற்கு முன்னால் இன்னொரு கணக்குப்பிள்ளை. எனவே தாய்வழியைப் பிடித்தார். தாயார் செண்பகவல்லி மூன்று வருடம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். மறுத்துப் பேச அவளால் ஆகாது.

பரம்பரையைத் தேடித் தர ஸ்ரீநிவாஸ் என்று ஒருவன் கிடைத்தான். கட்டம் போட்ட கோட்டும் கையில் டேப்லெட்டுமாக வந்தான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சோபாவையும் டிவியையும் பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்த மூதாதையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவன் தொழில். பகவதிப்பெருமாளின் டிவி பெரியது. அவருக்கு ஒரு தளபதி கிடைத்தார்.

"சாரே, உங்க அம்மை பூதப்பாண்டிப் பக்கம்னு சொன்னீங்கல்லே? அங்க ஒரு படைத்தலைவர் குடும்பம் உண்டு. காலராவுல அழிஞ்சுபோச்சு. டேட் எல்லாம் கரெக்டா மேட்ச் ஆகுது."

"நான் சின்னதுலயே நெனச்சேன். அம்மை நடக்கிற நடையே ஒரு மாதிரி இருக்கும்" என்றார் பகவதிப்பெருமாள்.

அவருடைய தங்கை கலைச்செல்வியின் மகள் அஸ்வதி அப்போது அங்கே இருந்தாள். கழக்கூட்டத்தில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. கலைச்செல்வி ஸ்கூல் டீச்சராக ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்த வருடங்களில் அஸ்வதியை வளர்த்தவள் ஆச்சி செண்பகவல்லிதான். ஆச்சியின் நடை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் வலியில் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள். அறுபது வயதிலும் கேஸ் சிலிண்டரை ஒற்றை ஆளாகத் தூக்கி அடுப்படியில் வைப்பாள். தளபதியின் வாரிசுகளுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. உண்மையில் அவளுக்கும் ஆசை இருந்தது. ஆச்சியின் பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்டால், "எல்லாரும் காலராவுல போயாச்சு மக்ளே" என்று சொல்லிவிட்டு ஆச்சி எழுந்துபோய்விடுவாள். அந்த ஆட்கள் யார் என்று ஒரு பொய்யன் தேடும்போதாவது தெரிந்துவிடாதா என்று அஸ்வதி நினைத்தாள்.

ஸ்ரீநிவாஸ் வீடியோ ஒன்று தயாரித்து யூடியூபில் ஏற்றினான். பின்னணியில் வீணை. ஆச்சியின் படத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் வரைந்த யானைகள், கடைசியில் கிளை விட்ட ஒரு வம்ச விருட்சம். 'ஒரு தளபதி வம்சத்தின் கடைசி விளக்கு' என்று தலைப்பு. அந்தச் சேனலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாமா அஸ்வதியின் தலையில் கட்டினார். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தானாக வரும் என்பது அவர் எண்ணம்.

முதலில் உறவுக்காரர்களின் கும்பிடும் கைகள் வந்தன. பிறகு பிரேமா என்ற பெயரில் ஒரு கமென்ட் வந்தது.

'இது எங்க அத்தை இசக்கி. எங்க அப்பாவோட கூடப் பிறந்தது. தளபதி கிளபதி யாரும் எங்க குடும்பத்துல கிடையாது.'

அஸ்வதி அதைப் படித்து முடிப்பதற்குள் மாமா போனில் வந்தார்.

"மக்ளே, அந்தக் கமென்டைக் களை. உடனே களை."

"யாரு மாமா அது?"

"ஏதோ மென்டல். அந்தக் கூட்டத்துக்கு இதே வேலை."

"எந்தக் கூட்டம்?"

மாமா போனை வைத்துவிட்டார். முன்பின் தெரியாத பைத்தியமாக இருந்தால் கூட்டம் எங்கிருந்து வந்தது? அஸ்வதி கமென்டை அழித்தாள். அழிப்பதற்கு முன் அதற்குப் பதிலாகத் தன் நம்பரைப் போட்டு, பிரேமா கூப்பிடும்வரை விட்டுவைத்திருந்தாள்.

பிரேமா இருந்தது கழக்கூட்டத்திலேயே. அஸ்வதியின் ஆபீசில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையல். ஹாஸ்டலுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் அப்பாவோடு இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். அஸ்வதி போனபோது வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன விஷயமா வந்திருக்கிய? எங்களையும் அந்த மரத்துல தொங்கவிடவா?"

"இல்லக்கா. ஆச்சியைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்."

"ஒங்க மாமனுக்குத் தெரியாததா? அவர்ட்ட கேக்க வேண்டியதானே."

"மாமாவுக்குத் தெரியுமா?"

பிரேமா சிரித்தாள். "அத்தை செத்த அன்னைக்கு நானும் அப்பாவும் வந்தோம். பொறந்த வீட்டுக் கோடி போடாம அனுப்பக் கூடாதுன்னு அப்பா சேலை எடுத்துட்டு வந்தாரு. ஒங்க மாமன் கேட்டுக்கு வெளியவே வந்து நின்னுக்கிட்டாரு. சுத்தி ஆளு நிக்கி. 'சமையலுக்கு வந்த ஆளா? பின்னால போங்க'ன்னாரு. அப்பா முகத்தைப் பாத்துதான் சொன்னாரு. தெரியாம சொல்லல."

பின்வாசலில், வெளியூர்க்காரர்களுக்காக வந்து இறங்கியிருந்த சாம்பார் வாளிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்பாவும் மகளும் சேலையோடு பஸ் ஏறியிருந்தார்கள். அன்று ஆச்சியின் மேல் போர்த்திய கோடி பழவங்காடிக் கடைப் பையில் வந்திருந்தது; அதைப் பூதப்பாண்டியிலிருந்து ஒரு தூரத்து உறவு கொடுத்துவிட்டதாக மாமா சொன்னது அஸ்வதிக்கு நினைவிருந்தது. எல்லோரும் நெகிழ்ந்துபோயிருந்தார்கள். அவளும்தான்.

உள்ளே கட்டிலில் வீரபாண்டி படுத்திருந்தார். ஆச்சியின் தம்பி. ஆச்சியின் தாடை அப்படியே இருந்தது. அஸ்வதி வந்ததற்காக அவர் எழுந்து உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்க அம்மா சுடலைமாடத்தி. எங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு இந்த ஊருக்குக் கல்லு சொமக்க வந்தா. அக்காவும் சொமந்தா. அந்தக் கட்டடத்துல கணக்குப்பிள்ளை ஒங்க தாத்தன். அவளைப் பிடிச்சுப் போச்சு. கட்டிக்கிட்டான். நல்லவன்தான், அடிக்க மாட்டான். ஆனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாலயே எங்க எல்லாரையும் காலரால கொன்னுட்டான். பேரையும் மாத்திட்டான்."

"ஆச்சி உங்களைப் பாக்க வரவே இல்லையா தாத்தா?"

"வருவா. வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வருவா. பஸ் ஸ்டாப்புல நிப்போம். முறுக்கு, அதிரசம் ஏதாவது தருவா. தெரிஞ்ச மூஞ்சி வந்தா என்னைத் தெரியாத மாதிரி திரும்பிக்கிடுவா." அவர் இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "எங்க அம்மா பெரியாஸ்பத்திரியில செத்தப்ப வந்தா. ஸ்ரீவராகத்துக்காரி எவளோ அந்த வார்டுல கெடந்தா. அவ பாத்திருவான்னு எங்க அக்கா அழாம நின்னா பாத்துக்க. பெத்த தாய் செத்துக் கெடக்கா, யாரு வீட்டுச் சாவோங்கிற மாதிரி நின்னா. பயந்தாங்கொள்ளி."

அஸ்வதிக்குக் கோபம் வந்தது. ஆச்சியை அப்படிச் சொல்ல இவர் யார் என்று தோன்றியது. அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இவர்தான் என்பதும் அடுத்த கணமே புரிந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வம்ச விருட்ச வெளியீட்டு விழா நடந்தது. மேடையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பிளெக்ஸ். அதன் உச்சியில் வாளோடு தளபதி. வரைந்தவனுக்குத் தளபதியின் படம் கிடைக்காததால் பகவதிப்பெருமாளின் படத்தைப் பார்த்து வரைந்து மீசை சேர்த்திருந்தான். மாமா அதன் கீழே நின்று, வருகிறவர்களையெல்லாம் மேலே பார்க்க வைத்தார். "ஜாடை தெரியுதா? ரத்தம் பாருங்க" என்றார். வந்தவர்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, தெரிகிறது என்றார்கள். அடுத்த மாதம் தங்களுக்கும் ஒரு தளபதி வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்ரீநிவாஸ் வாசலில் விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தான்.

அம்மாவிடம் அஸ்வதி எதையும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் நேரே அண்ணனிடம் போய்க் கேட்பாள், அண்ணன் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார். பேத்தி என்ற முறையில் நான்கு வார்த்தை பேச அழைத்தபோது மைக்கைப் பிடித்து அவள் நேராகவே சொன்னாள்.

"ஆச்சியோட உண்மையான பேரு இசக்கி. அவங்க அம்மா பேரு சுடலைமாடத்தி. கட்டடத்துல கல்லு சுமந்தவங்க. ஆச்சியும் சுமந்திருக்கா. ஆச்சியோட தம்பி இப்பவும் கழக்கூட்டத்துல இருக்காரு. ஆச்சி செத்த அன்னைக்குக் கோடியோட வந்தவரை, சமையல் ஆளுன்னு சொல்லி எங்க மாமா பின்வாசலுக்கு அனுப்பினாரு..."

மைக் நின்றுவிட்டது. மாமா சிரித்த முகத்தோடு முன்னால் வந்து, மைக் இல்லாமலே உரக்கச் சொன்னார்:

"ஐடி பீல்டு, கேட்டேளா. பயங்கர டென்ஷன். இப்பத்துப் பிள்ளைகள்லாம் இப்படித்தான்."

கூட்டம் சிரித்தது. ஒருவர்கூட எழுந்து, அந்தத் தம்பி யார் என்று கேட்கவில்லை. பின் வரிசையில் ஒருவர் இலை போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு என்றார்கள். பாதி மண்டபம் எழுந்து பந்திக்கு நடந்தது. ஆச்சியின் வாழ்க்கையை விட அவர்களுக்குப் பாயசம் அவசரம். அஸ்வதிக்கு அழுகை வரவில்லை. இவர்களுக்காகவா ஆச்சி வாழ்நாள் முழுக்கப் பயந்து செத்தாள் என்றுதான் தோன்றியது. இந்த ஆட்களுக்காகவா தாய்ப் பிணத்தின் பக்கத்தில் அழாமல் நின்றாள்?

முன்வரிசையில் கலைச்செல்வி மட்டும் எழுந்திருக்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேடையின் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"அண்ணா, அந்த மனுஷன் வந்தாரா?"

"இங்க வச்சு வேண்டாம். வீட்டுல பேசிக்கிடலாம்."

"வந்தாரான்னு கேட்டேன்."

"உனக்கு ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசண்டாமா? உங்களுக்கு வேண்டித்தானே நான் இதையெல்லாம் சுமக்கேன்?"

"எனக்குத் தாய்மாமன் உண்டுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்." கலைச்செல்வியின் குரல் உயரவில்லை. "மேல இருக்கிற அந்த மூஞ்சி உனக்கு நல்லாப் பொருந்துது அண்ணா. அதையே கும்பிட்டுக்கிட்டு இரு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் ஸ்ரீநிவாஸ் அவர்களை நிறுத்தினான். அவன் முகத்தில் சங்கடத்தின் சாயல்கூட இல்லை.

"மேடம், நீங்க சொன்ன அந்த சைடையும் நம்ம ஆராயலாம். தம்பி பேரு என்னன்னு சொன்னீங்க?"

"சொல்லல. வீரபாண்டி" என்றாள் அஸ்வதி.

அவன் கண் விரிந்தது. "பாண்டி! மேடம், அது சாதாரணப் பேரு இல்ல. மதுரை வரைக்கும் போகலாம். தளபதியை விடப் பெரிய லெவல்."

கலைச்செல்வி அவனை ஒரு பூச்சியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். "கழக்கூட்டம்" என்றாள். அஸ்வதியிடம் எதுவும் கேட்கவில்லை. வழியெல்லாம் பட்டுச் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டபோது மட்டும், "அம்மை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள். யாரிடம் கேட்கிறாள் என்று தெரியவில்லை.

பிரேமா கதவைத் திறந்தாள். பட்டுச் சேலையைப் பார்த்து அவள் முகம் சுளித்தது. ஆனால் வழிவிட்டாள். வீரபாண்டி இந்தத் தடவை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கலைச்செல்வி அவர் முன்னால் போய் நின்றாள். இருவரின் தாடையும் ஒன்றுபோல இருந்தது.

"நான் கலைச்செல்வி. மூத்தவருக்கு அடுத்தவ."

"தெரியும். பழவங்காடிக்கு ஒன்னைத் தூக்கிட்டு வந்திருக்கா. வாயில முறுக்கு வச்சிருப்ப." அவர் இருக்கச் சொல்லவில்லை. "எந்த ஊருன்னு சொன்னா ஒங்ககிட்ட?"

"பூதப்பாண்டி."

"பூதப்பாண்டி!" அவர் இளக்காரமாகச் சிரித்தார். "அந்த ஊருல நாங்க பஸ்ஸை விட்டுக்கூட எறங்கினதில்ல. வள்ளியூருக்குத் தெக்க, வெறும் முள்ளு உடங்காடு. அங்க பத்துக் குடிசை. அதுதான் எங்க ஊரு. இப்ப அதுவும் இல்ல. காத்தாலை நட்டிருக்கான். பாக்கப் போகாதிய, பாக்க ஒண்ணுமில்ல."

"அம்மை ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் கல்லு சொமந்தவ, இந்தா ரோட்டுல நிக்கிறவன் எந்தம்பின்னு சொல்லியிருந்தா, நீ அவளை அதே மாதிரி அம்மான்னு கூப்பிட்டிருப்பியா? படிச்சவ, டீச்சரு. சொல்லு."

அஸ்வதி அம்மாவைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்வாள் என்று நினைத்தாள். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கலைச்செல்வி முறுக்கிக்கொண்டிருந்த முந்தானையை விட்டாள்.

"தெரியாது மாமா" என்றாள். "கூப்பிட்டிருக்க மாட்டேனோ என்னமோ."

 வீரபாண்டி கட்டிலில் காலை மடக்கி இடம் விட்டார்.

"இரு" என்றார். "பிரேமா, டீ போடு. இவளாவது பொய் சொல்லல."

கலைச்செல்வி உட்கார்ந்தாள். டீ வருவதற்கு முன்பே அவர் மறுபடியும் அக்காவைத் திட்ட ஆரம்பித்திருந்தார். கல்லைத் தலையில் வைக்கும்போதுகூடப் பூ வைத்துக்கொள்ளும் மினுக்கி, ஆளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பும் பயந்தாங்கொள்ளி, தம்பியின் பங்குக் கருவாட்டையும் சேர்த்துத் தின்னும் திருடி. கலைச்செல்வி ஒன்றையும் மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.