பீலிக்குப் போகும் பாதை

குணபூசணி தென்னோலைக் கிடுகு வேலியின் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவளுடைய புருசன் சிவராசாவைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கிடத்தியிருந்தது.

"அண்ணி, என்ன விசர் வேலை பாக்கிறியள்? பிணத்தைக் கிடத்திப்போட்டு வேலியை வெட்டுறியளே?"

காலையில்தான் கொழும்பிலிருந்து வந்திறங்கிய கணேசமூர்த்தி, சிவராசாவின் தம்பி, குடையோடு முற்றத்தில் நின்று கத்தினான்.

"பாடை படலைக்குள்ளாலை போகாது, தம்பி."

அது உண்மைதான், வேலிவாசல் அவ்வளவு ஒடுக்கம். ஆனால் பாடைக்காக மட்டும் அவள் வெட்டவில்லை. இந்த வேலிதான் மனிசனைத் தின்றது. போன கிழமை அடைமழையில் சரிந்த கிடுகுகளை நனைந்து நனைந்து நிமிர்த்திக் கட்டினார். உள்ளுக்கு வாங்கோ, விடிஞ்சாப் பாப்பம் என்று தொண்டை கிழியக் கத்தினாள். கேட்டாரா? வேலியில்லாத வீடும் ஒரு வீடே என்றார். நெஞ்சுச் சளியோடு படுத்தவர் எழும்பவே இல்லை.

மலைநாட்டுப் பூண்டுலோயாவுக்கு மாற்றலாகி வந்த வாத்தியார் அவர். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டுப்பட்டதும், போகமுடியாத ஊரை இங்கே கொண்டுவந்துவிடப் பார்த்தார். பனங்கொட்டை புதைத்தார், அழுகியது. முருங்கை நட்டார், பனியில் கருகியது. மரக்கறி லொறிக்காரனைப் பிடித்துச் சிலாபத்திலிருந்து கிடுகு இறக்கினார். மழை வருசம் தவறாமல் அதை உக்க வைத்தது, அவரும் வருசம் தவறாமல் மாற்றிக் கட்டினார். தேயிலைக்கு நிழலாக நின்ற முள்முருக்கில் வெட்டி வேலித்தடியாக ஊன்றிய கதியால்கள் மட்டும் பிடித்துக்கொண்டன. முதல் துளிரைக் கண்ட அன்று, அடுப்பில் வைத்த சோற்றைப் பார்க்க விடாமல் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார்.

ஊரில் வேலிக்கு அப்பால் சின்னம்மா இருந்தாள். வேலியில் குனிந்து நுழைய ஒரு பொட்டு இருந்தது, அதற்குள்ளால் குழம்புக் கிண்ணம் போய்வரும். இங்கே அப்பால் இருந்தது தோட்டத் தொழிலாளர்களின் லயம். இவர் கட்டிய வேலியில் பொட்டு இல்லை. லயத்துப் பெண்கள் மலையூற்று வழியும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன பாதை இந்த முற்றத்தின் குறுக்கேதான் ஓடியது. வேலி வந்தபிறகு அவர்கள் பள்ளத்தால் சுற்றிப் போனார்கள். அங்கேதான் காளியாயி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள், இன்றைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். சிவராசா ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்தனுப்பினார். வேலியை ஒரு அடி நகர்த்தவில்லை. ஊரைக் கட்டுகிறாராம் ஊரை!

"தோட்டத்து ஆக்களைத் தூக்க விடப்போறியளே? நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?" என்றான் கணேசமூர்த்தி.

"எந்தச் சனம்?" அவள் கத்தியோடு திரும்பினாள். "காட்டும் பாப்பம். மாஸ்டர்மார் எல்லாரும் லீவுக்குப் போட்டினம். நீரும் உம்மட வான்காரனும் தூக்கிக்கொண்டு போவியளோ?"

கணேசமூர்த்தி குடையை மற்றக் கைக்கு மாற்றினான்.

கிடுகு விழுந்த இடைவெளியில் அழகுமுத்து தெரிந்தான். காளியாயியின் புருசன். அன்று வேலைக்குப் போகாமல், விடிந்ததிலிருந்து லயத்து ஆண்களோடு ரோட்டிலேயே நின்றான். எல்லோர் தலையிலும் சாக்கு, சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா, கத்திய இப்பிடிக் குடுங்க. கையெல்லாம் ரத்தமா இருக்கு."

"உள்ளுக்கு வாங்கோ."

"இருக்கட்டுங்கம்மா. சாருக்குப் புடிக்காது. நாங்க இங்கனயே நிக்கிறோம்."

"சேர் செத்துப்போனார்!"

அவள் போட்ட சத்தத்தில் முன்னறையில் இருந்த லயத்துப் பெண்கள்கூட வாசலுக்கு வந்துவிட்டார்கள். பின்பக்கத்தால் சத்தமில்லாமல் வந்து, அழுவதா விடுவதா என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அழகுமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். கத்தியை வாங்கி, ரோட்டோரத்தில் நின்ற இரண்டு கதியால்களை அடியோடு வெட்டினான். அந்த வழியால்தான் சிவராசா போனார்.

தோட்டத்தில் புதைப்பதுதான் வழக்கம். எரித்தே ஆகவேண்டும் என்று கணேசமூர்த்தி ஒற்றைக்காலில் நின்றான். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டைகளைத்தான் சுடலையில் அடுக்கியிருந்தார்கள். எல்லாம் மழையில் ஊறியவை. கொஞ்ச நேரத்தில் அழகுமுத்து மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"வெறகு பத்த மாட்டேங்குதும்மா. எண்ணெயும் ஊத்திப் பாத்தாச்சு."

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. குணபூசணி குசினிக்குப் போனாள். அடுப்புக்கு மேலே பரணில், அடுத்த வருசத்து வேலிக்கென்று அவர் புகையில் காய வைத்திருந்த கிடுகுகள் அடுக்காகக் கிடந்தன. எல்லாவற்றையும் இழுத்து விழுத்தினாள். கண்ணிலும் வாயிலும் புகைத்தூசி கொட்டியது.

"கொண்டு போங்கோ. ஒண்டையும் மிச்சம் வைக்காதேங்கோ."

எதிர்ச்சரிவில் புகை எழுந்தது. வேலி இல்லாததால் வாசற்படியிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இந்தச் சரிவு இவ்வளவு பச்சை என்பதை இத்தனை வருசமாக மறைத்து வைத்திருந்த மனிசன்!

காடாற்று முடிந்த கையோடு கணேசமூர்த்தி புறப்பட்டான்.

"இந்தக் குளிருக்குள்ள தனிய இருந்து என்ன செய்யப்போறியள்? எங்களோடை வாங்கோ, அண்ணி."

"நான் வரேல்லை" என்றாள்.

அடுத்த நாள் காலையில் காளியாயி வாளியோடு வந்தாள். பீலிப் பக்கத்தில் இப்போது கதியால்கள் மட்டும்தான் வரிசையாக நின்றன. இடையில் ஆள் தாராளமாகப் புகுந்து போகலாம். அவள் அதனருகே வந்து நின்றாள். முற்றத்தைப் பார்த்தாள். பிறகு பள்ளத்துப் பக்கம் திரும்பினாள்.

"காளியாயி, ஏன் உதாலை போறாய்? கிடுகுதான் இல்லையே. இஞ்சாலை போ."

"இருக்கட்டும்மா. பழகிப்போச்சு."

அவள் காலை இழுத்து இழுத்து இறங்கினாள்.

குணபூசணி விறுவிறென்று போய், பாதையின் நடுவே நின்ற கதியாலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கையில் கட்டியிருந்த சீலைத்துண்டு அவிழ்ந்து விழுந்தது. உச்சியில் இருந்த துளிர்கள் ஆடின. கதியால் அசையவில்லை. நன்றாக வேரோடியிருந்தது.

மண்வெட்டி எடுக்க அவள் வீட்டுக்குள் போனாள்.