தில்லைநாயகத்தின் வைட்டமின்கள்

இதைக் கேட்பதற்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. அந்த மருத்துவமனையில், குடல் இழந்தவர்களுக்கு உணவு நரம்பு வழியாக ஏறும். பால்போல் வெளுத்த அந்த உணவு கட்டிலருகே ஒரு பையில் தொங்கும். அதில் சேர்க்கப்படும் வைட்டமின்கள் வெளிச்சத்தைக் கண்டால் இறங்கிப் போய்விடும். தடுக்க எவருக்கும் உரிமையில்லை. பைக்குக் கறுப்பு உறை போட்டால் மட்டும் போதாது; சொட்டு இறங்கும் குழாய் வழியாக அவை எட்டிப் பார்க்கும். ஆகையால் சன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, உறவினர் ஒருவர் காவல் இருப்பது வழக்கம்.

தில்லைநாயகத்துக்கு அவர் மனைவி பூங்கோதை காவல் இருந்தாள். அவர் இரவெல்லாம் லாரி ஓட்டிப் பகலில் உறங்கியவர். மனைவியின் முகத்தை நிதானமாகப் பார்ப்பதை ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கி வைத்திருந்தார். ஏ வைட்டமின் போனால் பார்வையும் கூடவே போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"கோதை, லைட்டைப் போடு. உன் மொகம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

"பழைய மாதிரிதாங்க இருக்கு. ஒடம்பு தேறட்டும், சாவகாசமாப் பாக்கலாம்."

இருட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்த செவிலி பெர்னதெத், "அண்ணாச்சி, ஒங்க கண்ணு புதுசாட்டம் இருக்கு. பொழங்காம வச்சிருந்தா ரொம்ப நாளைக்கு வரும்" என்றார்.

"ஏன் சிஸ்டர், பரண்ல கவுத்து வச்ச சீர்ப் பாத்திரமா நான்?"

பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டபோதெல்லாம் பொறுத்திருந்த பூங்கோதைக்கு, அவர் கேளாமலிருந்ததைப் பொறுக்க முடியவில்லை. ஒரு பிற்பகலில் முகம் கழுவி, தலை வாரி, தடவிப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

வைட்டமின்கள் அவசரமின்றி இறங்கின. மஞ்சள் நிறத்தவை முன்னே வந்தன. கட்டிலுக்கும் பூங்கோதைக்கும் இடையே வரிசையாக நடந்தன. ஏ கடைசியில் வந்தது.

"யாரு இவங்கல்லாம்?"

"அவங்களைப் பாக்காதீங்க. இங்க பாருங்க, என்னைப் பாருங்க."

"இரு, மொதல்ல அவங்க போகட்டும்."

ஊர்வலம் குறுக்கிட்டால் கடைசி ஆள் கடக்கும்வரை அதைவிட்டுக் கண்ணெடுக்காமலிருப்பது அவருடைய தொழிற்பழக்கம். ஏ வாசலைக் கடந்தது. அவர் நிம்மதியாக மனைவியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இப்பப் பாக்கறேன். ஏன் கோதை, லைட்டை அணைச்சிட்டே?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் போயிடுச்சுங்க" என்றாள் பூங்கோதை.

"சரி, வரட்டும்."

பின்னர் உறுதியான செய்திகள் இவை. வைட்டமின்கள் தாழ்வாரத்து விளக்கடியில் நலமாக இருந்தன, திரும்பிவர மறுத்துவிட்டன. தில்லைநாயகம் மின்சாரத்துக்குக் காத்திருந்தபடியே அன்று மாலை இறந்தார். நோயாளிக்கென வைத்திருந்து பயன்படாமற்போனவற்றை மருந்தகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதியாதலால், பூங்கோதையின் முகம் பெற்றுக்கொள்ளப்பட்டது. அது குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அவள் முகமின்றிப் பேருந்தில் ஏறினாள். பக்கத்து இருக்கைப் பெண் நகர்ந்து இடம் கொடுத்து, சன்னலோரம் வேண்டுமா என்று கேட்டாள்.