எறிந்தவன் ஒருவன்

ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து உட்கார்ந்ததும் அக்கா கையிலிருந்த சாட்சியத் தாள்களைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம். மறுநாள் கோர்ட்டில் அவள் சாட்சி சொல்ல வேண்டும், கல்லூரியில் சமூகவியல் கற்பிப்பவள் என்ற முறையில். கூடப் பிறந்தவள் சொன்னால் எடுபடாதே என்று அவளே எத்தனையோ பேரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். எல்லோரும் நழுவிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கு நீங்களாவது வாருங்கள் என்று வக்கீல் கடைசியில் சலித்துக்கொண்டார்.

தம்பி வேலை பார்த்த சரக்குக் கிடங்கை ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடிவிட்டார்கள். வாசலில் கூடியவர்கள் முதலில் கத்தினார்கள், பிறகு கல்லெறிந்தார்கள். அப்புறம் எரியும் பாட்டில் ஒன்று காவலாளியின் அறை ஜன்னலுக்குள் போய் விழுந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், இரண்டு கைகளும் எதற்கும் உதவாமல் போய்விட்டன. எறிந்தது தம்பிதான் என்பது கேமராவில் பளிச்சென்று பதிவாகியிருந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்து எறிந்தானா என்பதுதான் வழக்கே. தெரிந்துதான் என்றால் அவனுடைய வாலிபம் மொத்தமும் ஜெயிலிலேயே கரைந்துவிடும்.

‘ஒருவன் ஏன் செய்தான் என்று கேட்காதீர்கள், எந்த நிலைமையில் இத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேளுங்கள்’ என்பதுதான் அவள் வகுப்பில் முதல் பாடம். மேடம் தெருவில் தடுக்கி விழுந்தால்கூட நகராட்சி வரலாற்றிலிருந்து ஆரம்பிப்பார் என்று மாணவர்கள் கிண்டலடிப்பார்கள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்ததும் அப்படித்தான். பரீட்சையில் கோட்டை விட்டபோது பள்ளிக்கூடம் சரியில்லை, பக்கத்து வீட்டுப் பையனை அடித்தபோது இந்த வயதில் எல்லோரும் அப்படித்தான். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் உண்டு. இவன் விளக்கம் வாங்கியே வளர்ந்தவன்.

“அக்கா, போதும்.”

“இன்னும் கொஞ்சந்தான்டா இருக்கு. கேளு.”

“இதுல நான் எங்க இருக்கேன்?”

“முழுக்க உன்னப் பத்தித்தானே எழுதியிருக்கேன்.”

“அங்க நின்ன எல்லாருக்கும்தான் வேலை போச்சு. எல்லாருக்கும்தான் வயிறு எரிஞ்சுது. எறிஞ்சது நான்.” வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். “உள்ள அந்த ஆள் இருந்தாரு. ஜன்னல்ல மூஞ்சி தெரிஞ்சுது. பாத்துட்டுத்தான் எறிஞ்சேன்.”

 சிறைக்காவலர் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தாள். அப்போதும், சீ என்று தன்மேலேயே வெறுப்பு வரும்படி, இதையும் தன் விளக்கத்தில் எங்கே பொருத்தலாம் என்றுதான் மூளை ஓடியது.

“அது உனக்கு இப்பத் தோணறதுடா. ஒரு காரியம் நடந்து முடிஞ்சதும் மனசு தானா ஒரு கதை கட்டும். எல்லாருக்குமே அது...”

“பாத்தியா, ஆரம்பிச்சுட்ட!” என்று சிரித்தான். சின்ன வயதிலிருந்து அவள் பார்த்த சிரிப்பு. அது பாதியிலேயே அணைந்துபோனது. “ஏன்னு கேட்டா எனக்கே தெரியலக்கா. ஆனா நான்தான்னு மட்டும் தெரியும். கோர்ட்ல நீ என்ன வேணா சொல்லிக்கோ. அந்த ஆள்கிட்ட மட்டும் நான்தான் பண்ணேன்னு சொல்லிடு. மன்னிப்பு கேக்கணும்னா, கேக்கறதுக்கு ஒருத்தன் இருக்கணும்ல?”

மறுநாள் கோர்ட் நடைபாதையில் காவலாளியே அவளைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டு கைகளிலும் கட்டு, தோளில் மாட்டிய பையைப் பிடித்தபடி பின்னால் மனைவி. ஏசப் போகிறார், ஏசட்டும் என்று அவள் நின்றாள்.

“நீங்கதானே அந்தப் பையனோட அக்கா? பெரிய படிப்பு படிச்சவங்கன்னு சொன்னாங்க. அவன் ஏம்மா அப்படிப் பண்ணான்? நான் அவன ஒரு வார்த்தை சொன்னதில்லையே.”

“ராவும் பகலும் இதேதான் கேட்டுட்டு இருக்காரும்மா. என்னன்னு ஒரு பதிலச் சொல்லிடுங்க, கொஞ்சமாச்சும் தூங்கட்டும்” என்றாள் மனைவி.

நான்தான் பண்ணேன் என்று தம்பி சொல்லச் சொன்னது அவள் நாக்கு நுனி வரை வந்தது. நான் உள்ளே இருப்பது தெரிந்துமா என்று அவர் கேட்பார். கேட்டால் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் எறிந்தான் என்று சொல்லாமல் முடியாது. சொல்லிவிட்டால் அவர் வாய் வழியாக இன்றைக்கே அது நீதிபதியிடம் போய்ச் சேரும். உள்ளே கூப்பிட்டார்கள். “கூப்பிடறாங்க, வரேன்” என்று மட்டும் சொன்னாள். தப்பித்தோம் என்று நெஞ்சு லேசானது, அந்த லேசை அவளால் சகிக்க முடியவில்லை.

சாட்சிக் கூண்டில் நன்றாகப் பேசினாள். வெட்கப்படும்படி அவ்வளவு நன்றாகப் பேசினாள். வேலை போவது மனிதனை என்ன செய்கிறது, பத்துப் பேர் சேர்ந்தால் பயம் எப்படிக் கோபமாகிறது, கூட்டத்தில் நிற்பவன் எப்படித் தன் வசம் இழக்கிறான் என்று கோத்துக்கொண்டே போனாள். நீதிபதி தலையை ஆட்டியபடி குறித்துக்கொண்டார்.

“அப்ப, உங்க தம்பி இடத்துல வேற யார் இருந்திருந்தாலும் இதே நடந்திருக்கும்னு சொல்றீங்களா?” என்றார் தம்பியின் வக்கீல்.

“ஆமாம். யார் இருந்தாலும்.”

“உள்ள ஆள் இருக்கறது?”

 “கூட்டத்துக்கு அது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.”

யாராக இருந்தாலும்தானா என்பதுபோல், காலையிலிருந்து தம்பி மேலேயே வைத்திருந்த கண்களை அப்போது காவலாளி எடுத்தார். வக்கீலைப் பார்த்தார். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், பிறகு மேலே, எதையும் பார்க்காமல் பார்த்தார். குற்றவாளிக் கூண்டில் தம்பி கழுத்தை நீட்டினான். ஒரு பக்கமாக நகர்ந்தான். போலீஸ்காரர் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கைக்கு அடியிலிருந்து திமிறிக்கொண்டு, அந்தக் கண்கள் போகும் பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து, அவற்றுக்கு எதிரே போய் நிற்க அவன் முயன்றுகொண்டே இருந்தான்.