பீலக் பிரதர்ஸ் கணக்கில் நின்ற பணம்

ஜனவரியில் லொரெட்டா நாற்பத்திரண்டு கடிதம் அனுப்பினாள். பிப்ரவரி நடுவுக்குள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது. சிலர் படிவத்தில் கையெழுத்திட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சிலர் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று பேர் பதில் போடவில்லை. ஒரு மோட்டல்காரர் "இது என்ன புது ஏமாத்து வேலை?" என்று போனில் எகிறிவிட்டு, அரைமணி கழித்து அசடு வழிந்துகொண்டு மறுபடி கூப்பிட்டார். ஒரே ஒரு கடிதம் மட்டும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. உறையின்மேல் பச்சை மையில் 'இங்கே இல்லை' என்று பெரிதாக எழுதியிருந்தது.

ஈரி நகரத்தில் கொதிகலன், குழாய், வால்வு என்று வீட்டைச் சூடாக்கும் சாமான்களை மொத்த விலைக்கு விற்கும் கம்பெனி அது. லொரெட்டா அங்கே இருபத்தேழு வருஷமாக வரவுக் கணக்குப் பார்க்கிறாள். சரக்கைத் திருப்பித் தந்தவர், ஒரே பில்லை இரண்டு தரம் கட்டியவர் என்று வாடிக்கையாளர்கள் பணம் கம்பெனியிடம் தங்கிப்போவது சகஜம். மூன்று வருஷம் அதை யாரும் சீண்டவில்லை என்றால் ஏப்ரல் பதினைந்துக்குள் மாநிலக் கருவூலத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் உரியவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும். பழைய மேனேஜர் காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. டிசம்பர் கடைசியில் அப்படிக் கெடு தாண்டியதை எல்லாம் கூட்டிப் பெருக்கி 'இதர வருமானம்' என்று எழுதிவிடுவார். அன்றைக்கு ஆபீசுக்கே டோனட் வாங்கித் தருவார். லொரெட்டாவும் தின்றிருக்கிறாள், பொய் சொல்வானேன்.

புதிய மேனேஜர் க்ளென் வந்த பிறகு அந்தக் கூத்து நின்றது. அவன் வயதில் சின்னவன், சட்டத்தில் கெட்டி.

"திரும்பி வந்துடுச்சா? அப்ப பட்டியல்ல சேத்துடுங்க, லொரெட்டா. நாம செய்ய வேண்டியத செஞ்சாச்சு."

சேர்த்திருப்பாள். அந்தப் பச்சை மைதான் உறுத்தியது. பீலக் பிரதர்ஸ் என்ற பெயரில் வால்ட், காஸ் என்று இரண்டு அண்ணன் தம்பிகள் கொதிகலன் பொருத்தும் தொழில் செய்தார்கள். அவர்கள் காசோலையெல்லாம் பச்சை மையில்தான் வரும். பழைய காசோலைகளின் படங்களைத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். அதே கோணல், அதே அழுத்தம். 'இங்கே இல்லை' என்று எழுதியவர் அங்கேதான் இருக்கிறார்.

படங்களைப் பார்த்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாலு வருஷத்துக்கு முன் மே மாதம் ஒரு பம்ப்பைத் திருப்பித் தந்ததில் அவர்களுக்கு 612 டாலர் 40 சென்ட் வர வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் வழக்கம்போல் கணக்குத் தாள் போயிற்று. ஜூனில் 612.40க்கு ஒரு காசோலை வந்தது. இருப்பு 1,224.80 ஆயிற்று, தாள் போயிற்று. ஜூலையில் 1,224.80க்கு ஒரு காசோலை. ஆகஸ்டில் 2,449.60க்கு ஒன்று. கம்பெனி அனுப்பும் தாளில் கடனுக்கும் வரவுக்கும் ஒரே அச்சு, ஒரே இடம். வரவு என்றால் தொகைக்குப் பின்னால் கொசுமுட்டை அளவில் ஒரு கழித்தல் குறி இருக்கும். கம்பெனி தர வேண்டிய பணத்தை, தாங்கள் தர வேண்டியதாக நினைத்து மாதாமாதம் கட்டியிருக்கிறார்கள். கடைசியில் 4,899.20 என்று தாள் போனது. அதற்குக் காசோலை வரவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் இயந்திரம் மாதம் தவறாமல் அதே தாளை அனுப்பிக்கொண்டே இருந்தது.

மூன்று காசோலையையும் பதிந்தவரின் பெயர் ஓரத்தில் இருந்தது. லொரெட்டா ஃபஸ்கோ.

ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். வாயை மூடிக்கொண்டு பட்டியலில் சேர்த்திருந்தால் ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. அன்று மத்தியானம் சாண்ட்விச்சைக் காரிலேயே வைத்துக் கடித்துக்கொண்டு, பனி வாரிக் குவித்த தெருக்கள் வழியாக வால்ட் பீலக் வீட்டுக்குப் போனாள்.

வேன் வாசலில் நின்றது. பக்கவாட்டில் 'பீலக்' என்ற எழுத்து இருந்தது. அதன் கீழே 'பிரதர்ஸ்' இருந்த இடத்தில் சாம்பல் நிற பெயிண்டைப் பட்டையாக அடித்திருந்தார்கள். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அறுபதைத் தாண்டிய ஒரு பெரிய ஆள் குழாய் முனையில் மரை வெட்டிக்கொண்டிருந்தார். கம்பெனிப் பெயர் போட்ட அவள் கோட்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"வந்துட்டீங்களா? நேர்லயே வந்துட்டீங்களா?"

"நான் லொரெட்டா. கணக்குப் பிரிவுல..."

"தெரியுது, தெரியுது. இங்க பாரும்மா, நான் ஒண்ணும் ஊர விட்டு ஓடிடல. மாசம் இருநூறு இருநூறா கட்டித் தொலைக்கிறேன். வக்கீல் நோட்டீஸ் மட்டும் வேணாம்."

"நீங்க கட்ட வேண்டியது எதுவுமே இல்ல, மிஸ்டர் பீலக். நாங்கதான் உங்களுக்குத் தரணும்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "ஆமாமா. லாட்டரியும் விழுந்திருக்கும்."

அவள் தாளை நீட்டி, கழித்தல் குறியில் விரலை வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடினார், அது நெற்றியிலேயே இருந்தது. நாலு தாளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கவிழ்த்திருந்த பக்கெட் ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப காஸ் எதுவும் வாங்கலையா?"

"யாரும் எதுவும் வாங்கல. அந்த அஞ்சு மாசத்துல உங்க கணக்குல ஒரு பில்கூட இல்ல."

"ஞாயித்துக்கிழமைல அவன் தனியா வேலைக்குப் போவான். கம்பெனிக் கணக்குல சாமான் எடுத்துட்டு, பில்ல ஒளிச்சு வைக்கிறான்னு நெனச்சேன். மொத தடவ நானே கட்டிட்டேன். தம்பிதானே. ரெண்டாவது தடவ கேட்டேன், இல்லவே இல்லன்னான். மூணாவது..." அவர் தாளை மடித்தார், திரும்பப் பிரித்தார். "அவன் பொண்டாட்டி முன்னாடி வச்சு திருடன்னு சொன்னேன்மா. அந்த வாரமே கடைய ரெண்டாக்கிட்டுப் போயிட்டான்."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே எங்ககிட்ட?"

"கேட்டு? என் தம்பி திருடுறானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னு ஊரான்கிட்ட கேக்கச் சொல்றியா?" குரல் உயர்ந்தது. "மூணு செக்கு வந்துச்சே, யாரு பதிஞ்சது?"

"நான்தான்."

"பதியும்போது பாக்கலையா?"

"பணம் வருதான்னு பாத்தேன். ஏன் வருதுன்னு பாக்கல." "தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க."

"போ," என்றார். "நீ மொதல்ல இங்கேருந்து கெளம்பு."

கிளம்பினாள். காரில் ஏறிச் சாவி போடும் நேரத்தில் அவர் பனியில் செருப்போடு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அந்தப் பணத்த எப்படி வாங்கறது?"

"கடையக் கலைச்சுட்டதால ரெண்டு பங்காளியும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் மட்டும் போட்டா செல்லாது. ஏப்ரல் பதினஞ்சு வரைக்கும் எங்ககிட்ட இருக்கும். அப்புறம் அரசாங்கத்துக்குப் போயிடும். அவங்களும் ரெண்டு கையெழுத்துதான் கேப்பாங்க."

"எனக்குப் பணம் வேணாம். அவன் கையெழுத்துப் போட வந்தாப் போதும்," என்றார் வால்ட்.

ஆபீசுக்குத் திரும்பியதும் க்ளெனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் ஆரம்பித்தாள். அவன் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான்.

"எனக்கே தெரியல இந்தக் குறி. முப்பது வருஷமா இதையா அனுப்பிட்டு இருக்கோம்?" என்றான். "உங்கள மட்டும் திட்டினா ஞாயமாகாது. டோனட் தின்னவங்க எல்லாரையும் திட்டணும்." அந்த வாரமே 'இது உங்கள் பணம், கட்ட வேண்டாம்' என்று தடித்த எழுத்தில் புதுத் தாள் அச்சானது. பீலக் சகோதரர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காஸ் இப்போது மாநில எல்லை தாண்டி ஒஹாயோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை செய்கிறான் என்று தெரிந்தது. லொரெட்டா அவனுக்கும் ஒரு கடிதம், நாலு தாள், ஒரு படிவம் அனுப்பிவிட்டு, வாரம் கழித்துக் கூப்பிட்டாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

"சரி, புரிஞ்சுது," என்றான் கடைசியில். "நான் எடுக்கலன்னு இன்னிக்கு உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"படிவத்துல ஒரு கையெழுத்து மட்டும்..."

"திருடன் கையெழுத்து அவனுக்கு எதுக்கு மேடம்?"

"அவர் ரொம்ப வருத்தப்படறார்."

"உங்ககிட்ட வருத்தப்பட்டு என்ன புண்ணியம்? எங்கம்மா செத்த அன்னிக்கு சவப்பெட்டிய ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். ஏறெடுத்துப் பாக்கல அவன். எம் பொண்டாட்டி முன்னாடி சொன்னான்ல? அதே மாதிரி அவ முன்னாடி வந்து சொல்லட்டும். தபால்ல வேணாம்." போனை வைத்துவிட்டான்.

அதை அப்படியே வால்ட்டிடம் சொன்னாள். "போறேன், போறேன்," என்றார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாதா கோவில் கூடத்தில் மீன் வறுவலுக்கு நின்ற வரிசையில் அவரைப் பார்த்தாள். போனீர்களா என்று கேட்டாள்.

"போனேன்," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "தெருமுனை வரைக்கும் போனேன். வெளக்கு எரிஞ்சுது. வண்டியத் திருப்பிட்டேன்."

அவளுக்கு வந்த கோபத்தில் தட்டோடு அவர் தலையில் கவிழ்த்திருப்பாள். இத்தனை பெரிய ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லத் துப்பில்லையே என்று இருந்தது. ஆனால் அந்த நாலு வார்த்தைக்கான காரணத்தைப் பதிந்ததே தன் கைதான் என்பதால் பேசாமல் கோஸ் கூட்டைப் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

ஏப்ரல் பதினான்காம் தேதி சாயங்காலம் ஐந்து வரை பொறுத்தாள். க்ளென் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து அவள் மேஜையருகே நின்றான்.

"இன்னும் ஒரு நாள் இருக்கே," என்றாள்.

"நாளைக்கு மட்டும் என்ன மாறப் போகுது?"

மறுநாள் ஒன்றும் மாறவில்லை. பதினொரு மணிக்குப் பட்டியலில் அவர்களுக்கான வரியை நிரப்பினாள். தொகை 4,899.20. உரியவர்கள்: வால்ட்டர் பீலக், காசிமிர் பீலக். இரண்டு பெயரையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடித்து அனுப்பினாள்.

கருவூலம் அந்தப் பெயர்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கும். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். உரியவர்கள் வந்து பணத்தை வாங்கிக்கொண்டால் அந்தப் பெயர் வரி அழிந்துவிடும். அந்தக் கோடையிலிருந்து லொரெட்டாவுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பீலக் என்று அடித்துப் பார்ப்பாள். இருப்பார்கள் இருவரும். உலகத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது அந்த ஒரு வரியில்தான். அக்டோபரில் இருந்தார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமும் இருந்தார்கள். க்ளென் கண்டும் காணாததுபோல் கடந்து போவான்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வரி இல்லை.

எழுத்துப் பிழையோ என்று மறுபடி அடித்தாள். இல்லை. தளம்தான் கெட்டுப்போயிற்றோ என்று, அவள் அதே நாளில் அனுப்பிய வேறு மூன்று பெயர்களைத் தேடினாள். மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. எழுந்து க்ளென் அறை வாசலில் போய் நின்றாள். அவன் வாய் நிறையச் சாப்பாட்டோடு நிமிர்ந்தான்.

"பங்காளிப் பணத்த ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கேட்டா, கருவூலத்துல குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் போடணும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்," என்றாள் லொரெட்டா. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. "இன்னொரு தடவ சொல்லு."