ஆறு புத்தகத்தில் ஒரே பக்கம்

அம்மாவின் கால்வரை போர்வையை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மகள் அதைக் கவனித்தாள். மாலையோடு வந்திருந்த மிஸ், இறந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தாள். அடுத்து கட்டிலுக்கு அடியில். ஜன்னலோரம் அடுக்கியிருந்த பழைய தாள்களையும் விடவில்லை.

அந்த மிஸ் நடத்தும் மழலையர் பள்ளியில்தான் அம்மா ஆயாவாக இருந்தாள். முந்தின நாள் மதியம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை.

மிஸ் இடுப்பிலிருந்த தன் மகனைக் கீழே இறக்கிவிட்டாள். இரண்டரை வயது இருக்கும். அவனும் அம்மா பார்த்துக்கொண்ட பிள்ளைதான்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது," என்று மகளை ஓரமாக அழைத்தாள். "அம்மா புத்தகம் ஏதாவது வீட்டுக்கு எடுத்துட்டு வருவாங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"பிள்ளைங்களுக்குக் கலர் சொல்லிக் குடுக்கிற படப் புத்தகம். ஆறு புத்தகத்துல பக்கம் கிழிஞ்சிருக்கு. வீடு ஒதுக்கும்போது கண்ணுல பட்டா எடுத்து வைங்க. நான் யாரையும் சந்தேகப்படலம்மா."

"சந்தேகப்படாமதான் கட்டிலுக்கடியில எட்டிப் பாத்தீங்களா?"

வாசலில் நின்ற மாமாவுக்குப் பாம்புக் காது. "ஏங்க, கிழிஞ்ச பக்கத்தை வச்சு எங்கக்கா வீடா கட்டப் போறா?"

"ஆறுலயும் ஒரே பக்கம். அதான் யோசனையா இருக்கு."

"எந்தப் பக்கம்?" என்றாள் மகள்.

மிஸ் மகனைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டாள். இவள் எதையோ விழுங்குகிறாள் என்று மகளுக்குப் பட்டது. பிள்ளைகள் மிச்சம் வைத்த பிஸ்கட்டைக்கூட அம்மா முந்தானையில் முடிந்து வந்ததில்லை. கை சுத்தம் என்ற பேரைத் தவிர அவள் விட்டுப் போனது வேறொன்றுமில்லை. உடம்பை எடுப்பதற்குள் அதையும் பிடுங்க வந்துவிட்டார்களா?

இதற்குள் பையன், வாளியும் துண்டுமாக உட்கார்ந்திருந்த மகளின் சித்தி பக்கத்தில் போய் நின்று, வாளியைக் காட்டி, "நீலம்" என்றான்.

"அட கெட்டிக்காரப் பயலே! இது?" சித்தி துண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"செவப்பு."

"சரியான வாலு! இன்னும் என்னடா தெரியும்?"

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். தேடியது கிடைத்துவிட்டது. கிடத்தியிருந்த ஆயாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "கறுப்பு!" என்று கூவினான். கூவிவிட்டுக் கைதட்டினான். மற்றவர்களும் தட்டுவார்கள், சிரிப்பார்கள் என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தான்.

மிஸ் ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"கையை எடுங்க," என்றாள் மகள். குனிந்து, "தங்கம், இதை யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

நீட்டிய விரல் அப்படியே அவன் தாயின் பக்கம் திரும்பியது.

"விளையாட்டுக்குத்தாம்மா," என்றாள் மிஸ். "அந்தக் கறுப்புப் பக்கம் வந்ததும் 'கறுப்பு எங்க?'ன்னு கேப்பேன். பிள்ளைங்க எல்லாம் ஆயாவைக் காட்டும். அம்மாவும் சேந்து சிரிப்பாங்க."

மகள் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க நெனச்சது சரிதான்," என்றாள். "எங்கம்மாதான் கிழிச்சிருக்கா. யார் கேட்டாலும் தாராளமாச் சொல்லுங்க."

மிஸ் பையனைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினாள்.

எடுக்கும் நேரம் நெருங்கியது. சித்தி பவுடர் டப்பாவோடு தலைமாட்டில் உட்கார்ந்து, அக்காவின் நெற்றியிலும் கன்னத்திலும் அழுத்தி ஒற்றினாள். "கடைசியாப் பாக்கறவங்களுக்கு மூஞ்சி கொஞ்சம் எடுப்பாத் தெரியட்டும்."

மகள் உள்ளே போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள்.

"தள்ளிக்கோ சித்தி."

நெற்றியில் தொடங்கி, காது மடல்வரை, அவசரமில்லாமல் துடைத்தாள். மூக்கோரத்து மடிப்பில் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது. துணியைத் திருப்பிப் பிடித்து, அதையும் எடுத்தாள்.