பள்ளிக்கூடத்து வேகத்தடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆரணியில் நாலு பேர் வணக்கம் வைக்கிற பட்டு வியாபாரி தென்னரசு, நடுரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து வேகத்தடையை அளந்துகொண்டிருந்தான். கடையில் சேலை நீளம் பார்க்கிற அதே டேப்தான். மேட்டின் உச்சியில் ஒரு மரப்பலகையைக் கிடத்தி, பலகையின் நுனிக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தான். டிரைவர் தங்கவேலு இரண்டு கையையும் நீட்டி, வருகிற டூவீலர்களை ஓரமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. வீட்டு வாசலிலிருந்து பைபாஸ் வரைக்கும் மொத்தம் ஒன்பது வேகத்தடை. எட்டை அளந்தாயிற்று. இதுதான் கடைசி, இதுதான் ராட்சசன். பள்ளிக்கூட வாசலில் தெருக்காரர்களே கூடி, யாரிடமும் கேட்காமல், சிமெண்டைக் குழைத்துக் கொட்டி எழுப்பியது. பிள்ளைகள் குறுக்கே ஓடுகிற இடம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

“எவ்ளோ மொதலாளி?”

“கிராஸா ஏத்துனா தட்டாது தங்கவேலு. ஒரு விரல் கேப் இருக்குது.”

“மஞ்ச வண்டிக்கா?”

“மஞ்சளுக்குத்தான்யா! ஒரு விரல் தாராளம்.”

எழுந்து முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தான். அப்படி அவன் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

விஷயம் இதுதான். தென்னரசு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறான். சென்னையில் ஈ.சி.ஆர். பக்கம், வெளிநாட்டு வண்டிகளை செகண்ட் ஹேண்டில் விற்கிற ஷோரூம் ஒன்றில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறான். ஒரே கம்பெனி, வேறு வேறு வண்டி. பேரெல்லாம் எதற்கு, தரையோடு தாழ்ந்து கிடக்கிற இரண்டில் எதை வாங்கினாலும் ஊரில் தவளை வண்டி என்றுதான் சொல்லப்போகிறார்கள். ஒன்று மஞ்சள். இன்ஜின் சீட்டின் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும், கியரைக் கையால் போட வேண்டும், ஐந்து விநாடிக்குள் நூறைத் தொடும். இன்னொன்று சாம்பல் நிறம். அது இன்னும் வேகம். இன்ஜின் வால்பக்கம், கியர் தானாக மாறிக்கொள்ளும், மேடு வந்தால் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும், மூக்கைத் தூக்கிக்கொள்ளும். விவரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சாம்பல்தான் பெரிய வண்டி என்பார்கள். தென்னரசுக்கோ மஞ்சள்தான் வேண்டும். கையால் கியர் போடாத வண்டி என்ன வண்டி என்பான். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருந்த படமும் மஞ்சள்தான் என்பான். இவ்வளவும் அவன் வெளியில் சொல்கிற காரணங்கள்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ஆறாவது வருஷம் வயிற்றில் நாலு மாதம் வரைக்கும் வந்து நின்றுபோனது ஒன்று உண்டு. அதற்குப் பிறகு மாத்திரை, ஊசி, வேலூருக்கும் சென்னைக்குமாக அலைச்சல், விரதம், கோயிலில் தொட்டில் கட்டுவது, எதையும் சூர்யகலா பாக்கி வைக்கவில்லை. போன மார்கழியில் டாக்டரம்மா ஃபைலை மூடி வைத்துவிட்டு, “போதும்மா. இன்னும் எதுக்கு உடம்பப் போட்டு வருத்திக்கிறீங்க” என்றாள். திரும்பி வருகிற வழியில் ஓட்டலில் நிறுத்தினார்கள். அவள் அழுவாள், தாங்கிக்கொள்ள வேண்டும் என்று தென்னரசு இட்லியைப் பிசைந்துகொண்டே காத்திருந்தான். அவள் சர்வரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேசாமலேயே முடிந்துபோயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டான்.

தை மாதம் ஒரு காதுகுத்தில், அக்கா வீட்டுக்காரர் சுப்பராயலு, கார் ஆசையைக் கேள்விப்பட்டு, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டினார். “வாங்கு மச்சான்! நல்லா ஓட்டு. யாருக்குச் சேத்து வெக்கப் போற?” நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. இலைக்கு இலை சிரித்தார்கள். தென்னரசும் சிரித்தான். சிரித்துவிட்டுக் குனிந்து, பாயசத்தைத் தொடாமல் இலையை மடித்தான்.

சூர்யகலாவோ சாம்பல் என்றாள். போனில் இரண்டு படத்தையும் ஒரு நிமிஷம் பார்த்தாள், அவ்வளவுதான். “சாம்பலே எடுங்க. மஞ்சள் சீக்கிரம் சலிச்சிப் பூடும்.” நிறத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. சேலைக்கு உடல் என்ன நிறம், கரை என்ன நிறம் என்று முடிவு செய்வது அவள்தான். அவள் வேண்டாமென்று ஒதுக்கியதைப் பிடிவாதமாகப் போட்டு, இரண்டு முறை தென்னரசு கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறான். அதனால் இதையும் நிறத்தகராறு என்றே எடுத்துக்கொண்டான். ஒரு மாதமாகச் சாப்பிடும்போதும் கடையிலும் இதே வழக்குத்தான். மஞ்சள் மேட்டில் இடிக்கும் என்று கடைசியாக ஒரு சாக்குச் சொன்னாள். அதற்குத்தான் இந்த டேப்பும் பலகையும். அளந்த கணக்கை ஷோரூமில் வைத்துத்தான் சொல்வது என்றிருந்தான்.

புதன்கிழமை தங்கவேலு வண்டி ஓட்ட, மூன்று பேருமாகச் சென்னைக்குப் போனார்கள். ஷோரூம் கண்ணாடி மாளிகை மாதிரி இருந்தது. மேலே வரிசை வரிசையாக விளக்கு. சூர்யகலா உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து அந்த விளக்குகளைப் பார்த்தாள்.

“ரெண்டையும் வெளிய கொண்டாரச் சொல்லுங்க.”

விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறவன் பட்டு வியாபாரத்துக்கு லாயக்கில்லை. வாசலில், பத்து மணி வெயிலில், இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. மஞ்சள், கல்லில் உரைத்த பசுமஞ்சள் மாதிரி இருந்தது. சூர்யகலா அதைச் சுற்றி ஒருமுறை வந்தாள். முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு, தொழிலில் பொய் சொல்லத் தெரியாதவள், சொல்லிவிட்டாள்.

“மஞ்சள்தாங்க நல்லா இருக்குது. இந்த நெறத்துல ஒடம்பு போட்டா சேல பிச்சிகினு போவும்.”

“பாத்தியா! நான் அப்பவே சொன்னனா இல்லியா?”

“ஆனா சாம்பலே எடுங்க.”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சாம்பல் வண்டியின் கதவைத் திறந்து, முன்சீட்டை மடக்கிவிட்டு, புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள். அந்த வண்டிக்குப் பின்சீட்டு உண்டு. பேருக்கு இரண்டு, கிண்ணம் மாதிரி. சூர்யகலாவின் முழங்கால் மோவாயில் முட்டியது, தலை கண்ணாடியில் இடித்தது. சேல்ஸ்மேன் மரியாதையாகச் சிரித்தார்.

“மேடம், அது பெரியவங்களுக்கு இல்ல. பத்து வயசுக்குள்ள கொழந்தைங்க உக்காரலாம், அவ்ளோதான்.”

“தெரியும்” என்றாள். பக்கத்துச் சீட்டைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். தோலில் இரண்டு குழி அமுங்கியிருந்தது, கட்டைவிரல் வைத்து அழுத்தின மாதிரி.

“அது ஒண்ணும் இல்ல மேடம். பழைய ஓனர் பேபி சீட் மாட்டியிருந்தாரு, அந்தத் தழும்பு. நாங்க பாலிஷ் போட்டுக் குடுத்துடறோம்.”

“வேணாம். இருக்கட்டும்.”

அந்த ‘இருக்கட்டும்’ போதும், தென்னரசுக்குப் புரிந்துவிட்டது. பதினாலு வருஷமாகக் கூட இருக்கிறவளின் மனசு ஒரு கார் சீட்டில் தெரிய வேண்டுமா? அவள் மனசு தெரிந்ததும் கூடவே தன் மனசும் தெரிந்தது, அதுதான் இன்னும் மோசம். மஞ்சள் வண்டியில் இரண்டே சீட்டு. கதவைச் சாத்தினால் அவனும் அவளும், முடிந்தது. பின்னால் யார் என்று ஒருத்தரும் கேட்க முடியாது, திரும்பிப் பார்க்க அங்கே இடமே கிடையாது. கியரும் நோட்டு அட்டையும் பொய் இல்லை. ஆனால் போனில் அந்தப் படத்தை முதல்முதலாகப் பார்த்தபோது, அப்பாடா என்றிருந்தது அதனால்தான்.

திரும்பும் வழியில் செய்யாறு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். தங்கவேலு எதிரில் இருந்த பெட்ரோல் பங்க்கில் டீசல் போடப் போனார். புளியமரத்து நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

“இன்னும் நெனச்சிகினுதான் இருக்கியா சூர்யா?”

அவள் டீயை ஊதினாள். “பொறக்கும்னு நெனைக்கலைங்க. ஒடம்பு என்னுது, உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும்.”

“பின்ன இன்னாத்துக்கு அது?”

“டாக்டரு இல்லைன்னுட்டாங்க. சொந்தக்காரங்க பந்தியில வெச்சி சொல்றாங்க. நம்ம வாசல்ல ஒரு வண்டியும் நின்னுகினு, நான் கோலம் போடும்போதெல்லாம் அதையே சொல்லணுமா? அதான்.”

சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தாள். தென்னரசுக்கு வந்தது இரக்கமில்லை, எரிச்சல்தான். ஆசைப்பட்டு வாழ்க்கையில் ஒரு வண்டி, அதிலும் இதுவா? காலிச்சீட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஊர்ஊராக ஓட்டச் சொல்கிறாளே, எவனால் முடியும்? தனக்கும்தானே பிள்ளை இல்லை, தான் யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றான். கடையில் ஒரு கலர் அட்டையைக் காணோம் என்று கத்தினான். அவள் அட்டையை அவன் மேஜையிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு சேல்ஸ்மேன் போன் செய்தார். மஞ்சளுக்கு வேறு பார்ட்டி வந்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு சொன்னால் நல்லது என்றார். தென்னரசு கடையின் பின்கட்டுக்கு வந்தான். வெளிச்சம் விழுகிற ஜன்னலோரம் சூர்யகலா சாயம் போட்ட பட்டு நூல் கற்றைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் தங்கவேலு பழைய காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கற்றையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தபோது, தோளிலும் முழங்கையிலும் எலும்பு தெரிந்தது. எத்தனை ஊசி குத்திய கை. ஒரு முறைகூட வலிக்கிறது என்று அவனிடம் சொன்னதில்லை.

“சூர்யா, பள்ளிக்கூடத்து மேடு மஞ்சளுக்கு இடிக்குது.”

அவள் நிமிர்ந்தாள்.

“ஞாயித்துக்கெழமையே அளந்தேன், சொல்ல மறந்துட்டேன். சாம்பல்தான் ஏறும்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். “அப்படியா தங்கவேலண்ணே?”

தங்கவேலு துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தார். ஒரு தடவை தென்னரசைப் பார்த்தார். “ஆமாம்மா. நல்லாவே இடிக்குது. அடி கிழிஞ்சிப் பூடும்.”

“சரி. அப்ப வேற வழியில்ல” என்றாள் சூர்யகலா. குனிந்து கற்றைகளைப் புரட்டி, மஞ்சள் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள். “இந்த நெறத்துல எனக்கு ஒண்ணு நெய்யச் சொல்லுங்க. சாம்பல்ல கரை.”

தென்னரசு முற்றத்துக்கு வந்து குழாயைத் திறந்து முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான். தங்கவேலு அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

சித்திரையில் வண்டி வந்தது. சந்தவாசல் தாண்டி இருக்கிற அம்மன் கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டுபோனார்கள், இந்த முறை அவர்கள் இரண்டு பேர் மட்டும். சூர்யகலா புதுச்சேலை கட்டியிருந்தாள். பூசாரி கற்பூரத்தட்டோடு முன்பக்கம் நின்று, இன்ஜின் பின்னால் என்று தெரிந்ததும் பின்பக்கம் ஓடினார். கூட்டம் சிரித்தது. நாலு எலுமிச்சம்பழம் நசுங்கியது. தொட்டில் கட்டுகிற மரத்துப் பக்கம் சூர்யகலா போகவில்லை. ஆனால் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்தத் திசையில் நின்றாள்.

திரும்பும்போது சந்தவாசலில் வாழைப்பழம் வாங்கினாள். விற்கிற உண்ணாமலையம்மாள், அப்போதுதான் தாரிலிருந்து வெட்டின இரண்டு சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “பின்னாடிதான் காலியா கெடக்குதே, அங்க வெச்சிக்கம்மா. காம்புல பால் வடியுது, புதுப் பொடவையில கறை புடிச்சிக்கும்.”

“பரவால்லம்மா. மடியிலயே குடுங்க.”

பட்டில் வாழைக்கறை பட்டால் போகவே போகாது. அது ஆரணியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னரசு பார்த்தான். வண்டியை எடுத்தான்.

ஊருக்குள் நுழைந்து பள்ளிக்கூடத்துத் தெருவுக்கு வந்தபோது மத்தியானமாகிவிட்டது. கோடை லீவு. கேட்டில் பூட்டுத் தொங்கியது, ரோட்டில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. சுவிட்சைத் தட்டினான், வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டது. ஸ்டியரிங்கை ஒடித்து, குறுக்காக, ஒரு முன்சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றினான். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மடியில் சரிந்த பழத்தைச் சூர்யகலா இடது கையால் பிடித்துக்கொண்டாள். வலது கை, அவளுக்கே தெரியாமல், இரண்டு சீட்டுக்கும் நடுவில் பின்னால் போய், அந்தக் குழி விழுந்த சீட்டின் மேல் படிந்து, விழாமல் அணைத்துப் பிடித்தது.

பின்சக்கரமும் இறங்கியது. எங்கேயும் தட்டவில்லை. அவள் நேராக ரோட்டைப் பார்த்தபடிதான் இருந்தாள். கை பின்னாலேயே இருந்தது. பின்னால் வந்த மினி லாரி ஹாரன் அடித்தது, திரும்பவும் அடித்தது. நாலு விநாடியில் நூறைத் தொடுகிற அந்த வண்டியை, அவள் கை திரும்பி வருகிற வரைக்கும், தென்னரசு நடக்கிறவன் வேகத்திலேயே ஓட்டிக்கொண்டு போனான்.