எட்டு நாள் விசாரணை

யார் வெளியூர் வேலைக்குப் போனாலும், நடத்தைச் சான்று விசாரணை தன் கைக்கு வந்தால் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார் என்று தென்காசிப் பக்கம் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் தளவாய்க்கு நல்ல பெயர். சொந்த மகள் முத்துச்செல்வியின் மனுவை மட்டும் எட்டு நாளாகப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். வீட்டில் அவள் கேட்டால், "இன்னும் ஸ்டேஷனுக்கே வரலட்டி" என்று கூசாமல் பொய் சொன்னார்.

அவளுக்குக் குஜராத்தில் காற்றாலைக் கம்பெனியில் வேலை. நூற்றிருபது மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி இயந்திரத்தைப் பழுது பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போலீஸ் சான்று போய்ச் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறலாம். இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை கழியட்டும் என்றுதான் மனுஷன் காத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை குற்றாலத்தில் நல்ல சாரல். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்ததால் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். தளவாய் விசிலை ஊதி ஊதி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தபோது, நனைந்த மழைக்கோட்டோடு மகள் முன்னால் வந்து நின்றாள். நேரே ஸ்டேஷனுக்குப் போய், ஏட்டு சங்கரபாண்டியிடம் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஐயா, நான் மனு குடுத்து எட்டு நாளாச்சு."

"ஐயாவா? ஏட்டி, வீட்டுல வச்சுப் பேசிக்கிடுவோம்."

"வீட்டுல இருக்கது எங்கப்பா. நான் போலீஸ்காரரப் பாக்க வந்திருக்கேன். அவரு பையில என் மனு இருக்காம்."

பக்கத்தில் நின்ற பெண் காவலர் முத்துவடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டு அருவிப் பக்கம் திரும்பினாள். தளவாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்புட்டு உசரத்துல இருந்து விழுந்தா எலும்பு கூடத் தேறாதுட்டி. நம்ம குடும்பத்துல எல்லாரும் காக்கி. நீயும் எஸ்.ஐ. பரீட்சை எழுது. நானே ஓடப் பழக்குதேன்."

"காக்கி போட்டா ஆபத்து இல்லையா? பந்தோபஸ்துல கல்லடி வாங்கி ஒங்க நெத்தியில ஏழு தையல். போகாதீங்கன்னு அம்மா அழுதா, கேட்டியளா? மறுநாளே கட்டோட டூட்டிக்குப் போனிய."

"அது என் வேலைட்டி."

"இது என் வேலை."

மகள் இமைக்காமல் நின்றாள். அவருக்குப் பயமாக இருந்தது, இன்னமும்தான். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லாமல் ஒரு காகிதத்தை ஒளித்து வைத்திருந்ததை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

சொந்த மகளுக்கு அவரே அறிக்கை எழுத முடியாது. செல்போனை எடுத்து, அருவிச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு, சங்கரபாண்டியைக் கூப்பிட்டார்.

"பாண்டி, பாப்பா மனுவக் குடுத்து அனுப்புதேன். இன்னைக்கே விசாரிச்சு எழுது."

சங்கரபாண்டி நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். "அண்ணாச்சி, பிள்ளைய அனுப்ப மனசில்லன்னா சொல்லுங்க. 'மனுதாரர் குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை'ன்னு ஒரு வரி எழுதிருதேன். பேப்பர் திரும்பிப் போயிரும். ஒங்க மேல பழி வராது."

முத்துச்செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. எட்டு நாளாக அவர் தேடிய வழி அதுதான். கேட்காமலே கைக்கு வந்திருந்தது. தளவாய், விசிலுக்கு நகராமல் நின்ற கூட்டமும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஏலே, யார இல்லைன்னு எழுதப் போற? எம் மக எம் வீட்டுலதாம்லே இருக்கா! ஞாயித்துக்கெழம ரயில் ஏறுத வரைக்கும் அங்கனதான் இருப்பா. உள்ளத உள்ளபடி எழுதுலே!"